நான்கு எண்களும் சரிதான்: நாம் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம்?

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சேர், பூமியின் வேகம் மணிக்கு 1,670 கி.மீ. என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் 107,000 என்றும், வேறிடங்களில் 8 இலட்சம், 13 இலட்சம் என்றும் இருக்கிறது. எது சரி? இவ்வளவு வேகமாகப் போனால் நமக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? சூரியன் வால்வெள்ளி போல முன்னால் பாய, கோள்கள் எல்லாம் அதன் பின்னால் சுருள் சுருளாக இழுபட்டுப் போவதாக ஒரு காணொளி பார்த்தேன். அது உண்மையா?"

நான்கும் சரி, மகள். அவை ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. காணொளிக்குப் பிறகு வருகிறேன். அதில் பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதிதான் பலருக்கும் பிடித்துப்போயிருக்கிறது.

மட்டக்களப்பு எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டால், எங்கிருந்து என்று திருப்பிக் கேட்கிறோம். வாழைச்சேனையிலிருந்து என்றால் ஒரு விடை, பொத்துவிலிலிருந்து என்றால் வேறு விடை. இரண்டில் எது உண்மையான தூரம் என்று எவரும் குழம்புவதில்லை. வேகத்துக்கும் அதே விதிதான். ஆனால் வேகத்தைப் பேசும்போது மட்டும் "எதை வைத்து" என்று கேட்க மறந்துவிடுகிறோம். பழக்கதோஷம்: எல்லாவற்றையும் தரையை வைத்தே அளந்து வளர்ந்துவிட்டோம். ஆரையம்பதியில் பஸ் 60இல் போகிறது என்றால், வீதியை வைத்து 60 என்று பொருள். வீதியே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் இரவுப் புகையிரதத்தில் இதை அனுபவிக்காதவர்கள் குறைவு. வண்டி ஏதோ ஒரு சந்தியில் நிற்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி நிற்கும். நித்திரைக் கலக்கத்தில் யன்னலால் பார்க்கிறீர்கள். நம் வண்டி மெல்ல நகரத் தொடங்கிவிட்டது. மறுபக்கம் திரும்பி மேடையைப் பார்த்தால், தேநீர் வாளியோடு நின்ற மனிதர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். நகர்ந்தது மற்ற வண்டி. அந்த இரண்டு செக்கன் ஏமாற்றத்துக்குள் இந்தப் பதிலின் முக்கால் பங்கு அடங்கிவிடுகிறது.

தோணிக்காரருக்கும் இது புதிதில்லை. வாவியில் தோணி முன்னே போகும்போது கரையிலுள்ள தென்னைகளும் கண்டல்களும் பின்னே போவது போலத் தெரியும். 499ஆம் ஆண்டளவில் இந்திய வானவியலாளர் ஆர்யபட்டர் இதே உவமையைத்தான் எடுத்தார்: தோணியில் போகிறவனுக்கு அசையாத கரை பின்னே நகர்வது போல, அசையாத விண்மீன்கள் இலங்கையில் நேர் மேற்காக நகர்வதாகத் தெரிகின்றன என்றார். இலங்கை என்றதும் நெஞ்சை நிமிர்த்திவிட வேண்டாம். பழைய வானவியலில் இலங்கை என்பது உச்சயினியின் நெடுங்கோடு மத்திய கோட்டை வெட்டும் ஒரு கணக்குப் புள்ளி. நம் தீவு அதற்கு வடகிழக்கே கிடக்கிறது. இருந்தாலும் தோணியும் இலங்கையும் ஒரே செய்யுளில் வந்தது எனக்கு என்றைக்கும் சந்தோசம்தான்.

இனி எண்களுக்கு வருவோம்.

மணிக்கு 1,670 என்பது பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம், அதுவும் மத்திய கோட்டில் நிற்பவருக்கு. துருவத்தில் நிற்பவருக்கு அது பூச்சியம். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருப்பதால் நமக்கு 1,660 அளவில் வரும். இந்த இயக்கத்தின் அடையாளம் நம் ஊர்ப் பேச்சிலேயே ஒட்டியிருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பொழுது எழும் கரை, பொழுது படும் கரை. எழுவதும் படுவதும் சூரியன் இல்லை, சுழல்வது நாம் என்பது மட்டும்தான் பெயரில் இல்லாதது. 1851இல் ஃபூக்கோ பரிசில் ஒரு நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, அது ஆடும் தளம் மெல்லத் திரும்புவதைக் காட்டி இந்தச் சுழற்சியைக் கண்முன் கொண்டுவந்தார். அதே ஊசலை நம் ஊரில் தொங்கவிட்டால் ஒரு முழுத் திருப்பத்துக்கு ஏழு நாளுக்கு மேல் எடுக்கும். மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதன் விலை அது.

107,000 என்பது சூரியனை வைத்துப் பார்த்த வேகம். இதை நீங்களே கணக்கிடலாம். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. சுற்றுப்பாதையின் நீளம் 94 கோடி கி.மீ. ஓர் ஆண்டில் 3 கோடியே 15 இலட்சத்துச் சொச்சம் செக்கன்கள். வகுத்தால் செக்கனுக்கு 29.8 கி.மீ. இந்த வேகத்தில் மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்முனைக்கு ஒன்றரைச் செக்கன் போதும்.

எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பது வேகத்தைவிடச் சுவையானது. கல்லடிக் கடற்கரையில் விடியப்புறம் நின்று, கடலிலிருந்து சூரியன் கிளம்புவதைப் பாருங்கள். அந்த நேரத்தில் பூமி போய்க்கொண்டிருக்கும் திசை கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை; ஏறத்தாழ உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே. பருவத்துக்கேற்ப வடக்கே தெற்கே கொஞ்சம் சரியும், அவ்வளவுதான். அதாவது காலை ஆறு மணிக்கு நீங்கள் பூமிப் பந்தின் முன்முகத்தில், கப்பலின் அணியத்தில் நிற்பவர் போல நிற்கிறீர்கள். மாலையில் படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்கும்போது பயணத் திசை பாதத்துக்குக் கீழே, நீங்கள் பின்முகத்தில். நண்பகலில் பயணம் மேற்கு நோக்கி, நள்ளிரவில் கிழக்கு நோக்கி. பூமியின் சுழற்சி எப்போதும் நம்மைக் கிழக்கே கொண்டுபோவதால் நள்ளிரவில் இரண்டு வேகமும் சேர்கின்றன, நண்பகலில் ஒன்று மற்றதைக் கழிக்கிறது. சூரியனை வைத்துப் பார்த்தால், நடுச்சாமத்தில் நித்திரை கொள்ளும் நீங்கள், மத்தியானம் சோறு சாப்பிடும் நீங்களைவிடச் செக்கனுக்கு ஏறத்தாழ 900 மீற்றர் கூடுதல் வேகத்தில் போகிறீர்கள்.

இதற்கு ஓர் அடையாளம் வேண்டுமா? எரிவெள்ளிகள். வயல் காவலுக்குப் படுத்தவர்களைக் கேளுங்கள்: முன்னிரவைவிட விடியப்புறத்தில்தான் கூடுதலாக விழும் என்பார்கள். மழை விட்ட இரவில் புணானைப் பக்கம் பஸ்ஸில் வந்திருந்தால் காரணம் விளங்கும். முன்கண்ணாடி முழுக்க ஈசல் அப்பியிருக்கும், பின்கண்ணாடி துடைத்து வைத்தது போல இருக்கும். நடுச்சாமம் கழிந்தால் நாம் மெல்ல மெல்ல முன்கண்ணாடிப் பக்கம் வந்துவிடுகிறோம். நவம்பரில் வரும் லியோனிட் எரிவெள்ளிகள் செக்கனுக்கு 71 கி.மீ. வேகத்தில் காற்றுமண்டலத்தில் மோதுகின்றன. அவை 41 அளவில் எதிர்த்திசையில் வருகின்றன, நாம் 30இல் போய் நேருக்கு நேர் இடிக்கிறோம். நவம்பரில் நமக்கு வானம் மூடிக் கிடப்பதால் அதைப் பார்ப்பது கடினம். ஓகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சீட் நமக்கு வசதி. அவையும் 59இல் வருகின்றன.

மற்றக் கோள்களைக் கேட்டால், சூரியனுக்குக் கிட்ட இருப்பவை விரைவு, தூரத்தில் இருப்பவை மந்தம். செக்கனுக்குப் புதன் 47 கி.மீ., வெள்ளி 35, செவ்வாய் 24, வியாழன் 13, சனி 9.7, யுரேனஸ் 6.8, நெப்டியூன் 5.4. கெப்ளர் 1619இல் வெளியிட்ட மூன்றாம் விதிக்குள் இது முழுவதும் அடங்கும்: தூரம் நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். சனி நம்மைவிட 9.6 மடங்கு தொலைவில் இருக்கிறது. அதன் வர்க்கமூலம் 3.1, நம் 29.8ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் செக்கனுக்கு 192 கி.மீ. வரை போனதும் இதே காரணத்தால்தான். எரிபொருளை எரித்து அந்த வேகம் வரவில்லை. சூரியனுக்கு அவ்வளவு கிட்ட விழுந்ததால் வந்தது.

சனி மந்தன் என்பதை நம் ஆட்கள் கெப்ளருக்கு வெகு காலத்துக்கு முன்பே கண்டுவிட்டார்கள். சனி ஒரு சுற்றுக்கு 29 அரை ஆண்டு எடுக்கிறது. அதைப் பன்னிரண்டு இராசிக்குப் பங்கிட்டால் இராசிக்கு இரண்டரை ஆண்டு அளவில் வரும். மூன்று இராசியைக் கடக்க ஏழரை ஆண்டு. ஏழரைச் சனியின் அந்த ஏழரை, ஒரு கோளின் வேகத்தை அளந்து வந்த எண். பலன் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்; நான் பௌதிகவியல் படிப்பித்தவன். ஆனால் அளவு நல்ல அளவு.

பஞ்சாங்கத்தில் இன்னொரு வேகமும் ஒளிந்திருக்கிறது. 29.8 என்பது சராசரிதான். பூமியின் பாதை முழு வட்டம் இல்லை என்பதால், ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்குக் கிட்ட வரும்போது செக்கனுக்கு 30.3 கி.மீ., ஜூலை முதல் வாரத்தில் தூரப் போகும்போது 29.3. வித்தியாசம் ஒரு கிலோமீற்றர். இதை வீட்டில் அளக்க வழியில்லை என்று நினைப்பீர்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தமிழ் மாதங்களை எண்ணுங்கள். சூரியன் ஓர் இராசியைக் கடக்கும் காலம்தான் தமிழ் மாதம். ஆனி 31 அல்லது 32 நாள். மார்கழி 29 அல்லது 30. பூமி மெதுவாகப் போகும் மாதம் நீள்கிறது, விரைவாகப் போகும் மாதம் குறுகுகிறது. திருவெம்பாவைக் காலத்தில் பூமி உண்மையிலேயே விரைந்துகொண்டிருக்கிறது.

பூமி ஓடுகிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று கிடைத்த கதையை விட்டுவிட மனம் வரவில்லை. அதற்கு மாரி மழை வேண்டும். காற்றில்லாமல் நேராகக் கொட்டும் மழை, நம் பக்கம் எப்போதாவதுதான் வரும். அந்த மழையில் கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் நகரத்துக்குப் போகிறீர்கள். சட்டையின் முன்பக்கம் தெப்பம், முதுகு அவ்வளவாக நனையவில்லை. வேலை முடித்து அதே மழையில் திரும்பி வருகிறீர்கள். இப்போதும் முன்பக்கம்தான் நனைகிறது. போகும்போது மழை நகரத்திலிருந்தும் வரும்போது கல்லடியிலிருந்தும் அடித்ததா? மழை நேராகத்தான் விழுந்தது. பெரிய துளி மணிக்கு 30 கி.மீ. அளவில் விழும். நீங்கள் 15இல் போனால், அது ஏறத்தாழ 27 பாகை சரிந்து உங்கள் முகத்துக்கு எதிரே வருவதாகத் தெரியும். குடை பிடிப்பதானால் முன்னே சரித்துப் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது மறுபக்கம் சரிக்க வேண்டும்.

1720களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிராட்லி ஒரு விண்மீனைக் குறிவைத்துத் தொலைகாட்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது வேறு. அந்த விண்மீனின் தூரத்தை அறிய நினைத்தார். கிடைத்ததோ விசித்திரம். விண்மீன் ஆண்டு முழுதும் சிறியதொரு வட்டம் போட்டது, அதுவும் தூரம் காரணமாக நகர வேண்டிய திசையில் நகரவில்லை. கடைசியில் அவருக்குப் பிடிபட்டது: விண்மீனின் ஒளிதான் மழை, பூமிதான் சைக்கிள். நாம் போகும் பக்கமாகத் தொலைகாட்டியைச் சற்றே சரிக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பூமி திரும்பி வரும்போது மறுபக்கம் சரிக்க வேண்டியிருக்கிறது. சரிவு 20.5 வில்செக்கன். நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு சென்ரிமீற்றர் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு. நம் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று அந்தச் சரிவு சொல்கிறது. ஒளி செக்கனுக்கு 3 இலட்சம் கி.மீ. போகும்; அதை 10,000ஆல் வகுத்தால் 30. மழைச் சட்டைக் கணக்கு இத்தோடு முடியவில்லை, முந்நூறு ஆண்டு கழித்து மறுபடி வரும்.

இப்போது சூரியனையே ஓடவிடுவோம். சூரியன் விண்வெளியில் ஆணி அடித்து நிறுத்திய விளக்கு இல்லை. அயலிலுள்ள விண்மீன்களை வைத்துப் பார்த்தால் அது செக்கனுக்கு 20 கி.மீ. அளவில், அபிஜித் விண்மீனுக்குச் சற்றுத் தள்ளி, ஹெர்குலிஸ் கூட்டத்தின் பக்கமாகப் போகிறது. 1783இல் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டார். இரவு பஸ்ஸில் முன்னாசனத்தில் இருந்து பொத்துவில் வீதியைப் பார்த்தால், முன்னாலுள்ள விளக்குகள் இருபுறமும் விலகிக்கொண்டே வரும்; பின்னால் திரும்பினால் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும். விண்மீன்களும் ஒரு பக்கத்தில் விலகி எதிர்ப்பக்கத்தில் நெருங்குவதாகத் தெரிந்தால் வண்டி எங்கே போகிறது என்பது தானாகத் தெரியும். ஹெர்ஷலின் கையில் ஒரு சில விண்மீன்களின் நகர்வுகள்தான் இருந்தன. இருந்தும் திசை பெரிதாகத் தவறவில்லை.

அந்த அயலார் எல்லோரும் நம்மோடு சேர்ந்து ஒரே பெரிய சுற்றில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பால்வீதியின் மையம் இங்கிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு. அதை வைத்துப் பார்த்தால் சூரியனும் நாமும் செக்கனுக்கு 230 கி.மீ. அளவில் போகிறோம். இதுதான் மணிக்கு 8 இலட்சம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஒன்றரைச் செக்கன்கூட ஆகாது. அப்படிப் போயும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 22 கோடி ஆண்டு. சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டாகிறது. இருபது சுற்று முடித்திருக்கும். டைனோசர்கள் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டு. அதற்குப் பிறகு நாம் ஒரு சுற்றில் பத்தில் மூன்று பங்குதான் வந்திருக்கிறோம்.

மழைச் சட்டை இங்கே திரும்பி வருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2013இல் ஏவிய காயா விண்கலம், மிக மிகத் தொலைவில் விண்மீன் போலப் புள்ளியாகத் தெரியும் ஒளிமிக்க விண்மீன்மண்டல மையங்களான குவாசர்கள் 16 இலட்சம் அளவானவற்றின் இடங்களை அளந்தது. சூரியனின் பயணத் திசை ஆண்டுக்காண்டு சிறிதே திரும்புவதால் ஒளி மழையின் சரிவும் சிறிதே மாறும். பிராட்லி கண்டது பூமியின் வட்டத்தால் வந்த சரிவு. காயா கண்டது சூரியனின் வட்டத்தால் வந்த சரிவின் மாற்றம். 2020இல் வெளியான அந்த அளவின்படி நம் சூரிய குடும்பத்தின் ஆர்முடுகல் (வேகமோ திசையோ மாறும் வீதம்), செக்கனின் வர்க்கத்துக்கு ஒரு மீற்றரை நானூறு கோடிக்கு மேற்பட்ட பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. விளங்கும்படி சொன்னால்: ஓர் ஆண்டில் சூரியன் 726 கோடி கி.மீ. ஓடுகிறது; அந்த ஓட்டத்தில் நேர்கோட்டை விட்டு விலகுவது 115 கி.மீ. இவ்வளவு நேரான பாதையை எந்த நில அளவையாளராலும் போட முடியாது.

அந்த எண்களை வைத்துக்கொண்டே உங்கள் காணொளியைப் பார்ப்போம். சூரியன் முன்னே ஓட, அதைச் சுற்றும் பூமி விண்வெளியில் சுருள் போடுகிறது என்பது சரி. பால்வீதியின் மையத்தில் இருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் காணொளியில் வரும் முறுக்கு போன்ற நெருக்கமான சுருள் வெறும் கண்கட்டு. பூமியின் சுற்றுப்பாதை ஆரை 15 கோடி கி.மீ.; ஒரு சுற்று முடிவதற்குள் சூரியன் போகும் தூரம் 726 கோடி. சுற்றுப்பாதையைக் கடதாசியில் ஒரு சென்ரிமீற்றர் ஆரையுடன் வரைந்தால், ஒரு சுருளின் நீளம் 48 சென்ரிமீற்றர். இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றில் தெரியும் மெல்லிய நெளிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோள்கள் சூரியனுக்குப் பின்னால் இழுபடுகின்றன என்பது முழுப் பிழை. சூரியனும் கோள்களும் பால்வீதியின் ஈர்ப்பில் ஒரே அளவில் விழுகின்றன. பின்தங்க வைக்க எதிர்க்காற்று எதுவும் இல்லை. கோள்கள் சுற்றும் தளம் பால்வீதியின் தளத்துக்கு ஏறத்தாழ 60 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கோளும் தன் சுற்றில் பாதிக் காலம் சூரியனுக்கு முன்னாலும் பாதிக் காலம் பின்னாலும் போகிறது. பூமி ஆண்டுதோறும் ஒருமுறை சூரியனை முந்திப் போகிறது என்று சொல்லலாம். சான்றுக்கு மறுபடியும் பஞ்சாங்கம் போதும். சூரியனும் எல்லாக் கோள்களும் அதே பன்னிரண்டு இராசிகளுக்குள்தான் உலவுகின்றன, வானத்தை இரண்டாக வகுக்கும் அதே பெருவட்டத்தில். சூரியன் கோள்களின் தளத்தை விட்டு வெகு தூரம் முன்னே போயிருந்தால், அது அந்த வட்டத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அப்படி எந்தச் சோதிடரும் கண்டதில்லை.

கடைசி எண் 13 இலட்சம். இதற்கு அளவுகோலாக இருப்பது ஒரு பொருள்கூட இல்லை, ஒரு பழைய ஒளி. அகிலம் தோன்றி 380,000 ஆண்டளவில் வெளிப்பட்டு, இன்று எல்லாத் திசையிலிருந்தும் நுண்ணலையாக வந்துகொண்டிருக்கும் மிச்சச் சூடு. தனிப்பூச்சியத்துக்கு, அதாவது இதற்குக் கீழே குளிர முடியாது என்ற எல்லைக்கு, மேல் 2.725 பாகை. 1965இல் பென்சியாசும் வில்சனும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சூடு என்றுதான் முதலில் தோன்றியது. நுணுக்கமாக அளந்தபோது சிம்மத்தின் தெற்குப் பக்கம் சற்றுச் சூடாகவும், நேர் எதிரே கும்பத்துப் பக்கம் சற்றுக் குளிராகவும் இருந்தது. வித்தியாசம் 800இல் ஒரு பங்கு அளவு. நெருங்கி வரும் வண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும் வண்டியின் ஊதல் தடித்தும் கேட்பது போல, நாம் எதிர்கொண்டு போகும் பக்கத்து ஒளி சற்றுச் சூடாகத் தெரிகிறது. அந்த 800இல் ஒரு பங்கை ஒளியின் வேகத்தோடு பெருக்கினால் செக்கனுக்கு 370 கி.மீ. மணிக்கு 13 இலட்சம். பூமி சூரியனைச் சுற்றுவதால் இந்த எண் ஓர் ஆண்டுக்குள் சற்றே ஏறி இறங்கவும் செய்கிறது. கோபே, பிளாங்க் செய்மதிகள் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே தங்கள் கருவிகளைச் சரிபார்த்தன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 230ஐயும் 370ஐயும் கூட்டிவிடாதீர்கள். 370 என்பது எல்லாம் சேர்ந்த மொத்தம். பால்வீதியும் அதன் அயலிலுள்ள விண்மீன்மண்டலங்களின் கூட்டமும் அந்தப் பழைய ஒளியை வைத்துப் பார்த்தால் செக்கனுக்கு 600 கி.மீ.க்கு மேல் போகின்றன. நாம் ஏன் அவற்றைவிடக் குறைவாகப் போகிறோம்? பால்வீதிக்குள் நாம் சுற்றிக்கொண்டிருக்கும் பக்கம் இப்போதைக்கு ஏறத்தாழ எதிர்ப்பக்கம். கொழும்பு நோக்கி ஓடும் புகையிரதத்துக்குள் உணவுப் பெட்டியைத் தேடிப் பின்பக்கமாக நடப்பவர், தண்டவாளத்தை வைத்துப் பார்த்தால் புகையிரதத்தைவிட மெதுவாகத்தானே போகிறார்? பத்துக் கோடி ஆண்டு கழித்து நாம் மறுபக்கம் போனபின் கணக்கு மாறும்.

ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டீர்கள். உடம்புக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுவது மட்டுமே தெரியும். பஸ் நல்ல வீதியில் ஒரே சீராகப் போனால் போத்தல் தண்ணீர்கூட அசையாது. வெலிக்கந்தையில் மாடு குறுக்கே வந்து சாரதி பிரேக்கை மிதித்தால்தான் எல்லோரும் விழித்துக்கொள்கிறோம். பூமியின் சுழற்சியால் நமக்கு ஏற்படும் ஆர்முடுகல் புவியீர்ப்பில் 300இல் ஒரு பங்கு. அந்த அளவுக்கு நம் எடை குறைந்துதான் இருக்கிறது, பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் தெரிவதில்லை. சூரியனைச் சுற்றுவதால் வருவது 1,600இல் ஒரு பங்கு. அதுவும்கூட உடம்பை அழுத்தாது. நாமும் வாவியும் பாலமும் பூமி முழுவதும் ஒரே அளவில் சூரியனை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறோம். சேர்ந்து விழுகிறவர்களுக்குள் தள்ளுமுள்ளு இல்லை. சூரியனுக்குக் கிட்டிய பக்கத்துக்கும் தூரப் பக்கத்துக்கும் இழுவையில் உள்ள சொற்ப வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது, அது கடலின் வற்றுப்பெருக்கில் சந்திரனோடு பங்காளியாக நிற்கிறது. பால்வீதியைச் சுற்றுவதால் வரும் ஆர்முடுகல் புவியீர்ப்பில் 4,000 கோடியில் ஒரு பங்கு; அதைத் தேட உடம்பை நம்ப வேண்டாம், காயா போதும்.

வரும் ஓகஸ்ட் நடுப்பகுதியில், நிலவில்லாத இரவொன்றில் எட்டு மணிக்கு வெளியே வந்து தெற்கைப் பாருங்கள். விருச்சிகத்தின் கொடுக்கு வளைந்து முடியும் இடத்துக்குப் பக்கத்தில், தனுசின் எல்லையில், பால்வீதி தடித்துப் புகைந்தாற்போல இருக்கும். மையம் அங்கேதான், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் இருந்து கொஞ்சம் மேலே. அப்படியே நின்று இடது தோளுக்குப் பின்னால், வடகிழக்கே திரும்புங்கள். பால்வீதியின் மேலேயே அன்னக் கூட்டத்தின் டெனெப் தனியாக ஒளிரும். செக்கனுக்கு 230 கி.மீ. போவது அந்தப் பக்கம். படுவான்கரை வயல்வெளியில் இருட்டு நன்றாக இருக்கும். ஆனால் யானை நடமாட்டம் உள்ள காலம் என்றால் தனியாகப் போக வேண்டாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.